ஒரு அடிக்கு மேல் பெருக்கியவன்

முப்பத்தெட்டு வருடம் கியோட்டோவில் பஸ் ஓட்டி நான் கண்ட காட்சியெல்லாம் முன்னால் போகும் வண்டியின் பின்புறம்தான். அதனால் ஓய்வு பெற்றதும், வாசல் வேலியில் மாதம் தவறாமல் நிறம் இருக்க வேண்டுமென்று செடிகள் வைத்தேன். மே மாதம் அசேலியா, மழைக்கு ஹைட்ரேஞ்சியா, கோடைக்குச் செம்பருத்தி. குளிர்காலத்துக்கு சசங்கா என்ற பூச்செடி ஒன்றுதான். இளஞ்சிவப்பாகப் பூத்து, இதழ் இதழாகத் தெருவெங்கும் உதிர்க்கும்.

பக்கத்து வீட்டு ஹோரியே அம்மாள் எங்கள் தெருச் சங்கத் தலைவி. நவம்பரில் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

"உங்க செடிக்கு ரொம்பப் பெரிய மனசு, நிஷிவாக்கி-சான். எங்க வீட்டுக்கும் சேர்த்துப் பூக்குது."

இந்த ஊரில் இதைவிடக் கடுமையாக யாரும் திட்ட மாட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை தோட்டக்காரர் வர்றார். தெருவுல குப்பை போடுற செடிய அடியோட வெட்டணும்னு கூட்டத்துல முடிவு பண்ணிட்டோம்."

கூட்டத்துக்கு நான் போகவில்லை. பஸ்ஸைத் தவிர எதற்கும் நான் நேரத்துக்குப் போனதில்லை.

"வெட்ட விடமாட்டேன்," என்றேன்.

எங்கள் தெருவில் அவரவர் வாசலை அவரவர் பெருக்க வேண்டும். மரியாதைக்கு அடுத்த வீட்டு எல்லையில் ஒரு அடி. அதைத் தாண்டினால், 'உனக்குப் பெருக்கத் தெரியாது' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹோரியே அம்மாளின் வாசலை முழுக்கப் பெருக்கிவிட்டேன். கதவைத் திறந்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

அடுத்த நாள் ஐந்தரைக்கே அவர் துடைப்பத்தோடு நின்றார். அதற்கடுத்த நாள் நான் ஐந்தேகாலுக்கு. பிறகு அவர் ஐந்துக்கு. என் முதுகு விண்விண் என்றது. வீரத்துக்கும் வயது வரம்பு உண்டு போலிருக்கிறது.

ஞாயிறன்று தோட்டக்காரர் ஏணியோடு வந்தார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"குப்பை எங்கம்மா?"

ஒரு இதழ்கூட இல்லை. அன்று ஹோரியே அம்மாள் என்னை முந்திக்கொண்டு, பழிக்குப் பழியாக என் வாசலையும் சேர்த்துப் பெருக்கியிருந்தார். அதை வாய்விட்டுச் சொல்ல எந்தத் தலைவியால் முடியும்?

"எனக்கு வேற வேலை இருக்கும்மா," என்று தோட்டக்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஹோரியே அம்மாள் தன் வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

"நாளையிலேர்ந்து உங்க வாசலையும் நானே பெருக்கிடறேன். செடிய மட்டும் தொடாதீங்க."

"ஒரு அடிக்கு மேல வந்து பாருங்க, தெரியும்."

"வருவேன்," என்றேன்.

அன்று மதியமே, பிப்ரவரியில் வேலி வெறுமையாகிவிடுகிறதே என்று, அவர் எல்லையை ஒட்டி ஒரு சிவப்புக் கமேலியாவுக்குக் குழி தோண்டினேன். அது இதழ் இதழாக உதிராது. முழுப் பூவாகத் தொப்பென்று அவர் வாசலில் விழும்.