முன் பிரேக்குக் கட்டை

கறுப்பா சிவப்பா என்பதுதான் அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் பேச்சு.

கறுப்பு என்றால் டபுள் பார் வைத்து, தடித்த டயர் போட்டு, மூட்டை ஏற்றுகிற கனத்த சைக்கிள். சிவப்பு என்றால் வளைந்த ஹேண்டில் பாரும் விரல் தடிமன் டயருமாக ஒரு ஸ்போர்ட்ஸ் சைக்கிள். இரண்டும் பழவேற்காடு பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜலாலுதீன் பாயுடையவை. "ரெண்டையும் ரெண்டு நாளு ஓட்டிப் பாரு பொன்னுரங்கம். எது தோதோ அத்த எடுத்துக்க" என்று கொடுத்திருந்தார். கோட்டைக்குப்பத்திலிருந்து திருப்பாலைவனம் ரைஸ் மில்லுக்கு அவன் தினமும் போய்வர வேண்டும். அந்த எண்பத்து மூன்றாம் வருஷத்தில் காலை பஸ்ஸை நம்பிப் போனால் மூடிய மில் கேட்டைத்தான் பார்த்துவிட்டு வரலாம்.

கடலுக்குப் போகிறவனுக்கு மில்லில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அது அவன் பெண்டாட்டி சாமுண்டீஸ்வரி பிடித்த பிடிவாதம். போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, அரை நாள் தண்ணீரில் கிடந்துதான் அவன் கரை சேர்ந்தான். அன்று காலையில் அவன் தண்ணீர்க் கேனை மறந்துவிட்டு நடந்தபோது, "யோவ், கேனை வுட்டுட்டுப் போறியே!" என்று அவள்தான் பின்னாலிருந்து கூப்பிட்டாள். தொழிலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடலாமா? கூடாது என்று குப்பத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவன் திரும்பி வந்து கேனை வாங்கிப் போனான்; படகு கவிழ்ந்தது. "இவ வாயிதான் கவுத்துச்சி" என்று குழாயடியில் பேசினார்கள். அந்த நாளைப் பற்றி அவன் பேச்செடுத்தாலே அவள் காதைப் பொத்திக்கொள்வாள். கடலே வேண்டாம் என்று அவனைக் கரையேற்றினாள்.

கடல் போய் ரோடு வந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள்; இவளுக்கோ பார்க்கிற இடமெல்லாம் அடுப்பாகத் தெரிந்தது.

"சிவப்பு வேணாய்யா. குனிஞ்சிக்கினே ஓட்டுற. எதிர்ல லாரி வந்தா இன்னா தெரியும் உனக்கு?"

"கறுப்ப மிதிச்சா மில்லு போயி சேர்றதுக்குள்ள தொடை கழண்டுடுதும்மே. சிவப்பு பறக்குது."

"அது பறக்குறதுதான் எனக்கு பயமாக்கீது."

பாயும் சும்மா இருக்கவில்லை. "தங்கச்சி, சிவப்புல பின் பிரேக்கு பேருக்குத்தான். ஒயர் வந்ததும் மாத்தித் தரேன். அதுவரிக்கும் முன் பிரேக்குதான் உசிரு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த உசிரு என்ற சொல் அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கறுப்பின் முறை முடிந்து அது கடைக்குப் போய்விட்டது; சிவப்பில் மில்லுக்குப் போக அன்றைக்குத்தான் முதல் நாள். முந்தின சாயங்காலம் பொன்னுரங்கம் முன் பிரேக்கைக் கழற்றி, "இத்தப் புடி, இதான் பிரேக்குக் கட்டை" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு, துரு போகத் துடைத்துத் திரும்ப மாட்டினான். மாட்டினானா, ஒட்டவைத்தானா, சாமிக்குத்தான் வெளிச்சம். காலையில் தூக்குச்சட்டியை ஹேண்டில் பாரில் தொங்கவிட்டு, மணல் பாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் வேலியைத் தாண்டிய பிறகுதான், சைக்கிள் நின்ற இடத்தில் கறுப்பாக ஏதோ கிடப்பதை அவள் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். அதே கட்டை.

அவன் முதுகு கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள். தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் ஐப்பசி, கூப்பிடாவிட்டால் லாரி. ஐயோ, எதைச் செய்தாலும் தாலிக்கே வந்து நிற்கிறதே என்று கட்டையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

சட்டென்று உறைத்தது. பின்னால் கூப்பிடத்தானே கூடாது? எதிரே போய் நிற்கலாமே! சுமங்கலி எதிரே வந்தால் நல்லதுதானே!

மணல் பாதை உப்பங்கழியைச் சுற்றிக்கொண்டு, பஜாரைத் தாண்டித்தான் தார் ரோட்டில் ஏறும். கழிக்குள் இறங்கினால் நேர் குறுக்கு. வைகாசித் தண்ணீர், தொடை ஆழம்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சேறு காலை உறிஞ்சியது. கிளிஞ்சல் பாதத்தைக் கிழித்தது. அக்கரையில் அவன் இன்னும் உருட்டிக்கொண்டுதான் இருந்தான். மெல்லிய டயர் மணலில் புதைந்து நகர மறுத்தது. அந்தப் பாழாய்ப்போன டயரை அவள் முதல் தடவையாக வாழ்த்தினாள். பாதிக் கழி தாண்டியபோது அவன் தார் ரோட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். சிவப்பு பறந்தது. மதகு ஏறி இறங்கினால் சரிவு. சரிவு முடிகிற வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

நாலு காலில் தவழ்ந்து கரையேறி, ரோட்டோரத்தில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"எறங்குய்யா! பிரேக்கு இல்ல!"

அவன் பிரேக்கை அழுத்துவது தெரிந்தது. சைக்கிள் நிற்கவில்லை. எதிரே பஸ். ஹேண்டில் பாரை ஒரே திருப்பு. சைக்கிளோடு சரிவில் உருண்டு கழிச் சேற்றில் விழுந்தான். பஸ் அவள் முந்தானையைக் காற்றில் அடித்துவிட்டுப் போயிற்று.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன இருக்குமோ என்று பயம்.

"ம்மே... இன்னாத்துக்குக் கழில எறங்கி வந்த?" அவன் குரல்தான். முழங்கை சிராய்த்து, தலை முதல் கால் வரை சேறாக நின்றான். "வூட்டாண்டையே ஒரு கொரல் குடுத்தா நின்னிருப்பேன்ல?"

"பின்னால எப்பிடிய்யா கூப்புடுவேன்? அன்னிக்கு நான் கூப்ட்டுத்தான..."

கை தானாகக் காதைப் பொத்தப் போனது. அவன் சேற்றுக் கையால் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்காச்சும் கேளு. படகு கவுந்தப்ப கேனு காலியாத்தான் இருந்திச்சி. அத்தக் கட்டிப் புடிச்சிக்கினுதாம்மே அவ்ளோ நேரம் மெதந்தேன். நீ கூப்ட்டுக் குடுக்கலன்னா நான் அன்னிக்கே பொணம்."

சாமுண்டீஸ்வரி ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஏழு மாதமாகச் சொல்ல வந்தவனின் வாயை அடைத்தது அவள்தான்.

இருவருமாகப் பஜாருக்குத் திரும்பிச் சிவப்பைப் பாயிடம் விட்டார்கள். எது வேண்டும் என்று பாய் கேட்கவே இல்லை. கறுப்பை வெளியே எடுத்து வைத்தார். பொன்னுரங்கம் முகம் கழுவிக்கொண்டு, ஏறி மிதித்தான். சேறு ஒட்டிய தூக்குச்சட்டி சிவப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு மறுபடி பயம்தான். அந்தப் பயம் ஒரு நாளில் போகிற பயமா? கட்டையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"யோவ்! சோத்த வுட்டுட்டுப் போறியே!"

பஜாரே திரும்பிப் பார்த்தது. பொன்னுரங்கம் பிரேக்கை அழுத்தினான். கறுப்பு அந்த இடத்திலேயே நின்றது.