ஏழாம் அறையின் கையெழுத்து

மலேசியாவின் ஈப்போ ஆஸ்பத்திரியில், புண்ணுக்குக் கட்டுப்போடும் ஏழாம் எண் அறைக்கு இப்போது தினேஸ்வரிதான் எஜமானி. புண்ணுக்கு எந்த மருந்து, எந்தக் கட்டு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதையெல்லாம் தாதியான அவளே முடிவு செய்து அட்டையில் கையெழுத்துப் போடலாம். டாக்டர் வந்து கையெழுத்திடும்வரை யாரையும் வராந்தாவில் காக்கவைக்க வேண்டியதில்லை. இருபது வருட வேலையில் அவளுக்கு இப்படி ஓர் அறை கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஆனால் ஆறு மாதம் சோதனை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். முடிய இன்னும் மூன்று வாரம்.

அந்த நேரம் பார்த்து அப்பாவு என்ற கிழவரின் கால்விரல் மக்கர் பண்ணியது. சர்க்கரைப் புண்.

"நாலு வாரமா நீங்கதான் பாக்குறீங்க, ஆறலையே," என்றார் டாக்டர் ரஜீவ். "அடுத்த வியாழக்கிழமை விரலை எடுத்துடலாம்."

"எலும்புக்குப் போகல டாக்டர். எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. காய்ச்சலும் இல்ல."

"அப்புறம் ஏன் ஆறல?"

தினேஸ்வரி எக்ஸ்ரேயை மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"புதன்கிழமை வரைக்கும் பாருங்க. மாத்தம் இல்லன்னா விரலும் போகும், இந்த ரூமுல உங்க கையெழுத்தும் போகும். நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது.

உள்ளே அப்பாவு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாப்பா பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தாதிகள் எல்லாரும் அவருக்கு 'மிஸி'தான். கட்டு நைந்து ஊறியிருந்தது.

"தண்ணி பட்டுச்சா தாத்தா?"

"சத்தியமா படல மிஸி. குளிக்கிறப்போ பிளாஸ்டிக் பைய கட்டிக்கிறேன். மழைன்னா வீட்டை விட்டே எறங்குறதில்லலா."

நாலு வாரமாக இதே கேள்வி, இதே பதில். தினேஸ்வரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சரி, காலையில எந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"எந்திரிப்பேன். கோப்பி குடிப்பேன். மாரியம்மன் கோயிலுக்குப் போயி வெளக்கேத்துவேன். சாயங்காலமும் அப்படித்தான். தோட்டத்துல மொதலாளி ரப்பர அழிச்சுட்டு எண்ணெய்க்குச் செம்பனைய நட்டுட்டான், சனம் வேலையில்லாம போயிருச்சு. ஆத்தாளுக்கு நான்தான் ஆளு."

அவளும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். சட்டென்று பொறி தட்டியது.

"கோயிலுக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி?"

"இதென்ன கேள்வி மிஸி? எல்லாரும் செய்றதுதான். பைப்புல காலைக் கழுவுவேன்."

"கட்டோடவா?"

"அது சாமிக்குக் கழுவுறதுலா! அதப் போயி தண்ணி பட்ட கணக்குல சேப்பாங்களா?"

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கழுவாமல் உள்ளே போங்கள் என்றால் மனிதர் தலையை ஆட்டிவிட்டுக் கழுவத்தான் செய்வார்.

"வாசல்ல காவலுக்கு யாரு நிக்குறா?"

"முனியாண்டி."

"என்னைக்காவது உள்ள வந்திருக்காரா?"

"அவரு எப்படி வருவாரு!"

"அதனால அவருக்கு ஏதாச்சும் குறையா?"

"குறையா? சுருட்டென்ன, கோழியென்ன!"

"அப்ப மூணு வாரத்துக்கு நீங்களும் அவரு பக்கத்துலயே நில்லுங்க. சிலிப்பரோட. வெளக்க உங்க வீட்டம்மா ஏத்தட்டும்."

"முத்தம்மா ஏத்துவா. ஆனா சிலிப்பரோடவா! முனியாண்டி கோவிச்சுக்கிட்டா?"

"ஏழாம் நம்பர் ரூமுக்கு அனுப்பி வைங்க. நான் பேசிக்கிறேன்."

அப்பாவு பொக்கை வாயால் விழுந்து விழுந்து சிரித்தார். அதே மருந்தை வைத்துக் கட்டினாள். அட்டையில், 'மூன்று வாரம் கோயில் வாசலில் நிற்கவும், கால் கழுவக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை டாக்டர் ரஜீவ் குனிந்து பார்த்தார். புண்ணின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகச் சதை பிடித்திருந்தது.

"என்ன மருந்து மாத்தினீங்க?"

"மருந்த மாத்தல டாக்டர். கேள்விய மாத்தினேன்."

அட்டையை எடுத்து அவள் எழுதியிருந்ததைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். விரலை எடுக்கக் குறித்திருந்த வியாழக்கிழமைத் தேதியைப் பேனாவால் அடித்தார்.

"மேலிடத்துக்கு எழுதத்தான் போறேன்," என்றார். தினேஸ்வரி கையிலிருந்த பேனாவை மூடினாள். "இந்த ரூமு இப்படியே இருக்கட்டும்னு. இந்தாங்க, அடிச்சதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க. உங்க ரூமு இல்லையா?"

வழக்கமாகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைக் கிறுக்குகிறவள், அன்று முழுப்பெயரையும் நிறுத்தி எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அப்பாவு சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"மிஸி, முனியாண்டி கோவிச்சுக்கல. உங்களுக்கு ஒரு சுருட்டு குடுத்தனுப்பியிருக்காரு."