ஒன்பதாம் நாள் தட்டு

1

இந்தக் கதை என் அத்தானின் ஆஸ்பத்திரிக் கோப்பில் கிடைத்தது. அத்தான் லாரி ஓட்டுநர். நான்கு மாத முதுகுவலி முற்றி, கால் மரத்துப் படுத்துவிட்டார். முதுகெலும்பிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கைக் கிருமி வளர்க்கும் தட்டில் இட்டிருந்தார்கள். அதற்கான தாளில் பச்சை மையில் ஒரு குறிப்பு: ‘ஐந்து நாள். வளரவில்லை. எறியவில்லை.’

எழுதியவர் ஆய்வகப் பெண்மணி. அவரை நான் பார்த்ததில்லை. எனவே தெரிந்ததற்குக் கோப்பு பொறுப்பு, தெரியாததற்கு நான்.

2

முதல் தொடக்கம்: வெளியே மழை கொட்ட, அவர் ஜன்னலோரம்—

(வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே இல்லையாம்.)

இரண்டாம் தொடக்கம்: ஐந்து நாளில் எதுவும் முளைக்காத தட்டைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். எலும்புக் காசநோய் என்று முடிவுகட்டி, மறுநாளே மருந்து தொடங்கவிருந்தார் பெரிய டாக்டர். முதுகெலும்பின் ஸ்கேன் படத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் காசநோய்ச் சோதனையில் அந்த நோய் இல்லை என்று வந்திருந்தது. அது அந்தப் பெண்மணியை உறுத்தியது. நேரே வார்டுக்குப் போனார்.

3

(இதில் பாதி அக்கா சொன்னது. மீதி என் கைச்சரக்கு.)

“காய்ச்சல் எப்படி வருது?”

“சாயந்தரம் வரும், வேர்த்துக் கொட்டும், போயிடும். சொல்லாம வர்ற விருந்தாளி மாதிரி,” என்றார் அத்தான்.

“காய்ச்சாத பால் குடிச்சீங்களா?”

“சேச்சே.”

அக்கா விடவில்லை. “ஆட்டுப்பண்ணையில சரக்கு எறக்கினப்ப, கறந்த சூட்டோட குடிச்சேன்னு பீத்திக்கிட்டீங்களே. வீட்டுப் பாலுக்கு மட்டும் ஆயிரம் குத்தம்.”

அத்தான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெண்மணி டாக்டரிடம் போனார். “சில கிருமி மெதுவாத்தான் வளரும். நாலு நாள் பொறுங்க சார்.”

“அதுக்குள்ள கால் போச்சுன்னா?”

“தப்பான மருந்துலயும் போகும் சார்.”

டாக்டர் கோப்பை இன்னொரு முறை புரட்டினார். பிறகு, “தினம் ரெண்டு வேளை காலைச் சோதிக்கிறேன். கொஞ்சம் மோசமானாலும் காத்திருக்க மாட்டேன், மருந்தைத் தொடங்கிடுவேன்,” என்றார்.

4

ஒன்பதாம் நாள் தட்டில் ஊசிமுனைப் புள்ளிகள். காய்ச்சாத பாலில் வரும் புரூசெல்லா என்ற கிருமி. அந்த ஆய்வகம் அதைக் கண்டது அதுவே முதல் முறை. அதற்கான மருந்து தொடங்கியது.

‘பெண்மணி துள்ளிக் குதித்தார்’ என்று எழுதி அடித்துவிட்டேன். கோப்பின்படி அவர் செய்தது, அதே சோதனையை இன்னொருவரையும் தனியாகச் செய்யச் சொன்னதுதான். எனக்கு அந்த நிதானம் வராது, நான் துள்ளியிருப்பேன்.

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அத்தான் மறுபடி லாரி ஓட்டுகிறார். மற்றதில் கால் திரும்பவே இல்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். இன்று மருந்தின் நாற்பதாம் நாள். நேற்று வலது கால் கட்டைவிரல் அசைந்தது என்கிறாள் அக்கா. அவள் கண்ணில்தான் கோளாறு என்கிறார் அத்தான்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: மருந்து இன்னும் ஐம்பது நாள் பாக்கி. அதற்கு முன்னால் அவரை லாரியில் ஏற்றிவிடாதீர்கள்.