ம் கொட்டுற மனுஷன்

எங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாவே கேக்கும். டாக்டர் மெஷின் வெச்சுப் பார்த்து, இந்த வயசுல இப்படி ஒரு காதான்னு ஆச்சரியப்பட்டார். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துடுச்சு. காது கேக்கிறது வேற, காது கொடுத்துக் கேக்கிறது வேற. அந்த ரெண்டாவது விஷயம் கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே இவர்கிட்ட கிடையாது. நான் என்ன சொன்னாலும் "ம்"தான். வீடு பத்தி எரியுதுங்கன்னு ஒரு தடவை வேணும்னே சொல்லிப் பார்த்தேன். அதுக்கும் "ம்"னுட்டு குறுக்கெழுத்தில அடுத்த கட்டத்துக்குப் போயிட்டார்.

அவரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. டவுன் பஸ் ஓட்டினவர். ஏறுறவங்க எல்லாரும் ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பாலம் வழியாப் போகுமா, அடுத்த ஸ்டாப்ல நிக்குமா, கொஞ்சம் சீக்கிரம் போனா என்னவாம். கண்ணு ரோட்டில, கை ஸ்டீரிங்ல, வாயில மட்டும் "ம்". ரிட்டையர் ஆனப்போ பஸ்ஸை டிப்போவில விட்டுட்டார், "ம்"மை வீட்டுக்குக் கொண்டாந்துட்டார்.

நான் அதுக்கு நேர் எதிர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில ஆபரேட்டரா இருந்தவ. எனக்குச் சோறு போட்டதே இந்தக் காதுதான். இன்னொண்ணும் சொல்லணும். தன் குரலை வெளியிலேர்ந்து கேட்டா யாருக்குமே அது தன்னோடதுன்னு சட்டுனு பிடிபடாது. எனக்குப் பிடிபடும். ட்ரெயினிங்ல எங்க குரலை டேப்பில பிடிச்சு, திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டித் திருத்துவாங்க. என் குரல் எப்படி இருக்கும்னு என் காதுக்கு அத்துப்படி. இதை ஞாபகத்தில வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இலை உதிர ஆரம்பிச்சுட்டா எங்களுக்கு வீட்டைவிட்டு வெளியில போகவே மனசு வராது. காலையில அவர் தோட்டத்துல இலையைக் கூட்டிக் குவிப்பார். தள்ளுவண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டு, "ஓரம் போ, ஓரம் போ"ன்னு எனக்கு ஹாரன் அடிப்பார். நான் கம்பளி, ஸ்வெட்டர் எல்லாத்தையும் பெட்டியிலேர்ந்து எடுத்து உதறிக் காயப்போடுவேன். மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் பின்பக்க ரூம். அங்கே பெரிய ஜன்னல். அந்த மாசங்கள்ல வெயில் தாழ வந்து, ஜன்னல் வழியா தரையில ஒரு பாய் அளவுக்கு விழும். அவருக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி. வெயில் நகர நகர நாங்களும் நாற்காலியை இழுத்துக்கிட்டே போவோம். நல்ல இடத்தை எப்பவும் அவர்தான் பிடிப்பார்.

"பஸ்ல சீட் பிடிக்கிற புத்தி போகுதா பாருங்க"ம்பேன்.

"ம்"பார்.

அப்புறம் டீ, வறுத்த வேர்க்கடலை. அவருக்குப் பென்சிலும் குறுக்கெழுத்தும், எனக்குப் பின்னல் ஊசியும் நூலும். இதைவிட என்ன வேணும்? சத்தியமா சொல்றேன், எனக்கு வேற ஒண்ணும் வேண்டியிருக்கலை.

அன்னிக்கு நான் அடுப்படியில டீ போட்டுக்கிட்டிருந்தேன். "என்னங்க, சர்க்கரை ரெண்டா ஒண்ணா?"ன்னு குரல் கொடுத்தேன். பின்ரூம்லேர்ந்து "ம்"னு வந்தது. "ரெண்டா ஒண்ணான்னு கேட்டா ம்முன்னா என்ன அர்த்தம்? வாயில கொழுக்கட்டையா?"ன்னு கத்தினேன். மறுபடியும் "ம்". சரி, திருந்தாத ஜென்மம்னு நானே ஒண்ணு போட்டு, தட்டை எடுத்துக்கிட்டுத் திரும்பறேன், வாசக்கதவைத் திறந்துக்கிட்டு இவர் உள்ளே வர்றார். கையில ரொட்டி பாக்கெட். தலையில ஒரு மஞ்ச இலை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. தட்டுல பாதி டீ கொட்டிடுச்சு.

"நீங்க உள்ளே இல்லையா?"

"ரொட்டி வாங்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். நான் சொல்றதை நீ எங்கே காதுல வாங்குறே?"ன்னார். எப்படி இருக்கு பாருங்க கதை!

பின்ரூம்ல போய்ப் பார்த்தோம். யாரும் இல்லை. ஆனா சுவரோரமா எப்பவும் கிடக்குமே, விருந்தாளி வந்தா போடுற மூணாவது நாற்காலி, அது வெயில்ல கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். உக்கார்ற இடம் சூடா இருந்தது. வெயில் பட்டா சூடாத்தானே இருக்கும்னு அவர் சொன்னார். அப்போ கைப்பிடி ஏன் ஜில்லுனு இருக்குன்னு நான் கேட்டேன். அவர் ரொட்டி பாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டார்.

"ரெண்டு புருஷன் இருந்தா உனக்கு லாபம்தானே எக்ஸ்சேஞ்சு. ஒருத்தன் ரொட்டி வாங்கப் போனாலும் இன்னொருத்தன் லைன்ல இருப்பான்"னு கிண்டல் பண்ணினார். எக்ஸ்சேஞ்சுன்னுதான் என்னைக் கூப்பிடுவார். நானும் சிரிச்சேன். ஆனா அந்த "ம்" அவர் குரல்தான். என் காது தப்பாது. நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டுட்டு, அதைப் பத்திப் பேச வேண்டாம்னு விட்டுட்டேன்.

மறுநாளும் அது வெயில்லதான் கிடந்தது. அதுக்கடுத்த நாளும். நான் இழுத்துப் போட்டிருக்கேன்னு அவர் நினைச்சார். அவர் விளையாடுறார்னு நான் நினைச்சேன்.

அந்த வாரக் கடைசியில ஒரு மத்தியானம், கடலையை உரிச்சுக்கிட்டே அவர் கேட்டார். "ஆமா, நேத்து ஏன் அப்படிப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டே பேசினே? உக்கார்ந்து பேசறதுக்கு என்ன?"

"நேத்து எப்ப?"

"இதே நேரம்தான். நான் குறுக்கெழுத்து போட்டுக்கிட்டிருந்தேன். என்னங்கன்னு கூப்பிட்டே. அப்புறம் ஏதோ கேட்டே."

நேத்து அந்த நேரம் நான் வீட்டிலேயே இல்லை. அடுத்த தெருவில என் நாத்தனார் வீட்டில உக்கார்ந்து ஸ்வெட்டருக்குக் கழுத்து எப்படி எடுக்கிறதுன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் கை அப்படியே நின்னுடுச்சு.

"அப்போ கேட்டது யாரு?"

"அது கெடக்கட்டும். என்ன கேட்டுது? நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன கேட்டுதுன்னு தெரியலையே. 'ம்'னு சொன்னேன்."

"அட கடவுளே! என்ன ஏதுன்னு தெரியாம யாராவது ம் கொட்டுவாங்களா?"

இந்தக் கேள்வியை நான் அவர்கிட்ட கேட்டதே தப்பு. அவர் முகம் செத்துப் போச்சு.

ஞாபகம் வர வைக்கணும்னு நான் ஒரு வழி பண்ணினேன். அவரை அதே நாற்காலியில உக்கார வெச்சு, கையில பென்சிலைக் கொடுத்து, பின்னாடி போய் நின்னேன். "என்னங்க, டீ போடட்டுமா?"

"இல்லை. இதைவிட நீளம்."

"என்னங்க, உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா?"

"போறதுதான். ஆனா நீ போறது இல்லை. கூட்டிக்கிட்டுப் போறது."

"யாரை?"

அவர் வாயை முணுமுணுத்துக்கிட்டே இருந்தார். பென்சில் கீழே விழுந்தது. எடுக்கலை. "'உங்க வீட்டுக்காரியை நான் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா'ன்னு கேட்டுது"ன்னார். "உன் குரல்லயே கேட்டுது. எனக்கு ஒண்ணுமே தோணலை பாவிக்கு. 'ம்'னுட்டேன்."

திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு மனுஷன் பொண்டாட்டியைத் தூக்கிக் கொடுக்கிறப்பவாவது நிமிர்ந்து பார்க்கக் கூடாதான்னு கேட்டேன். கேட்டுட்டு அழுதேன். போறதுக்குப் பயம் இல்லாம இல்லை. ஆனா அதைவிட, இந்த ரூமையும் இந்த வெயிலையும் இந்த மனுஷனையும் விட்டுட்டு எங்கேயோ போகணுமேன்னுதான் தாங்கலை. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருட்டுற வரைக்கும் விடலை.

அதுக்கப்புறம் ஒரு அதிசயம் நடந்தது. மனுஷன் நான் சொல்றதைக் கேக்க ஆரம்பிச்சார். வாயைத் திறந்தாலே பென்சிலைக் கீழே வெச்சுட்டு என் முகத்தைப் பார்ப்பார். "நூல் தீரப் போகுது"ன்னா, "எந்த நூல், பச்சையா சாம்பலா, எங்கே கிடைக்கும்?"னு முழுசா கேப்பார். என்னை விட்டு ஒரு நிமிஷம் நகரலை. சொல்ல வெக்கமா இருக்கு, அந்தப் பயத்துக்கு நடுவிலேயும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது. இத்தனை வருஷமா சொல்லாம வெச்சிருந்ததையெல்லாம் சொன்னேன்.

ஆனா வெயில் குறைஞ்சுக்கிட்டே வந்தது. தோட்டத்து மரம் பாதி மொட்டை. அந்த நாற்காலி தினம் கொஞ்சம் கொஞ்சமா என் நாற்காலிப் பக்கம் வந்துக்கிட்டிருந்தது. அவர் அதைத் தூக்கிப் போய்த் தோட்டத்துக் கொட்டகையில போட்டுப் பூட்டினார். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தா இங்கே கிடக்கு, நாற்காலிக் காலில ஈர இலை ஒட்டியிருக்கு.

"இந்தா பாரு"ன்னார் கடைசியில. "தப்பு ரூட் போர்டு மாட்டிட்டா என்ன பண்ணுவோம்? கழட்டிட்டு வேற மாட்டுவோம். அது மறுபடி வந்து கேக்கட்டும். முடியாதுன்னு சொல்லிடறேன்."

எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லாதப்பதான் அது வருது. அதனால நான் நாத்தனார் வீட்டுக்குப் போற மாதிரி கிளம்பறது, அவர் குறுக்கெழுத்தோட பின்ரூம்ல உக்கார்றது, திரும்பியே பார்க்காம பதில் சொல்றதுன்னு பேசி வெச்சோம். காலையில இலை கூட்டும்போதே அவர் ஒத்திகை பார்த்தார். "முடியாது. முடியாது. முடியவே முடியாது." புட்போர்டுல தொங்குறவங்களை அதட்டுற குரல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"என்னங்க, அவசரப்படாதீங்க. முதல்ல அது என்ன கேக்குதுன்னு காதில வாங்குங்க. அப்புறம் பதில் சொல்லுங்க"ன்னேன்.

"ம்"ன்னார். "முடியாது. முடியாது."

மத்தியானம் சால்வையைப் போர்த்திக்கிட்டு, "போயிட்டு வரேங்க"ன்னு சத்தமாச் சொல்லிட்டு வாசக்கதவைச் சாத்தினேன். தெருவுக்குப் போகலை. வீட்டைச் சுத்தி வந்து பின்ரூம் ஜன்னலுக்குக் கீழே, குவிச்சு வெச்சிருந்த இலைக்குப் பக்கத்தில உக்கார்ந்தேன். ஜன்னல் கொஞ்சமாத் திறந்திருந்தது. உள்ளே பென்சில் கீறுற சத்தம். அவர் தொண்டையைக் கனைக்கிற சத்தம். காத்தே இல்லை, ஆனா மரத்திலேர்ந்து இலை கொட்டிக்கிட்டே இருந்தது.

அப்புறம் என் குரல் கேட்டுது.

"என்னங்க."

என்னோடதேதான். சந்தேகமே இல்லை. டேப்பில கேட்ட அதே குரல், இப்ப வயசாகிக் கொஞ்சம் கரகரப்பா இருக்கிறதுகூட அப்படியே இருந்தது. கோபமே இல்லாம, ரொம்ப இதமாப் பேசிச்சு. நான் அவர்கிட்ட அவ்வளவு இதமாப் பேசினதே இல்லை.

"இத்தனை நாளா நீங்க ரெண்டு பேரும் பேசினதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாவமா இருக்குங்க. உங்க வீட்டுக்காரியை இங்கேயே விட்டுட்டு, நான் போயிடட்டுமா?"

எனக்கு உசுரே வந்துடுச்சு. போகச் சொல்லுங்க, "ம்"னு சொல்லுங்கன்னு கத்தறதுக்கு எந்திரிச்சேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. எவ்வளவு முக்கியும் வெறும் காத்துதான் வந்தது. என் குரல் உள்ளே இருந்தது.

வாழ்நாள் பூரா சொன்ன அந்த ஒரு "ம்" போதும். பழக்க தோஷத்துக்கு வாய் தவறியாவது சொல்லிடுங்கன்னு ஜன்னல் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"முடியாது!"ன்னார் அவர். கணீர்னு சொன்னார். "முடியவே முடியாது!"

உள்ளே ஒரு நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுது.

"சரிங்க"ன்னுது என் குரல்.

நான் உள்ளே போனப்போ அவர் ரூமுக்கு நடுவில நின்னுக்கிட்டிருந்தார். மூஞ்சியெல்லாம் பல்லு. கண்ணுல தண்ணி. "கேட்டியா எக்ஸ்சேஞ்சு? பட்டுனு சொன்னேன் பாரு! அது வாயை மூடுறதுக்குள்ளயே நான் சொல்லிட்டேன்!"

"அது என்ன கேட்டுதுங்க?" என் குரல் எனக்குத் திரும்பி வந்திருந்தது.

"அதேதான், வேற என்ன கேக்கும்? அதை விடு. வா, வந்து உக்காரு."

வெயில் அன்னிக்கு ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் விழுந்திருந்தது. கல்யாணம் ஆனதுலேர்ந்து முதல் தடவையா, அவர் என் நாற்காலியை இழுத்து அந்த வெயில்ல போட்டார். தன்னோடதை நிழல்ல போட்டுக்கிட்டார். மூணாவது நாற்காலி எனக்கு மறுபக்கம், என் கைப்பிடியோட கைப்பிடி ஒட்டிக் கிடந்தது. இப்ப அவர் அதைக் கவனிக்கலை. அவரே போய் டீ போட்டுக் கொண்டாந்து கையில கொடுத்தார். சர்க்கரை சரியா இருந்தது.

சொல்லலாமான்னு யோசிச்சேன். சொன்னா என்ன ஆகும்? நான் போனப்புறம் இந்த மனுஷன் இதே ரூம்ல, இதே நாற்காலியில, அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டுக் கிடப்பார். என்னைக் காப்பாத்தினதா நினைச்சுக்கிட்டு இருக்கட்டுமே. எனக்கு அவர்மேல கோபமே வரலை. அதுதான் எனக்கே ஆச்சரியமா இருந்தது.

பக்கத்து நாற்காலி மெதுவா கிறீச்சுன்னுது. என் மணிக்கட்டில ஏதோ ஜில்லுனு வந்து உக்கார்ந்தது, கை மாதிரி.

"இனிமே ஒரு பயமும் இல்லை"ன்னார் அவர், கடலையை உரிச்சு என் மடியில போட்டுக்கிட்டே. "குளிர் முடிஞ்சதும் ரெண்டு பேரும் எங்கேயாவது ஊர் சுத்திட்டு வருவோம். ஜன்னலோர சீட்டு உனக்குத்தான். என்ன, வருவேதானே?"

நான் டீயை ஒரு வாய் குடிச்சேன்.

"ம்"ன்னேன்.