கப்பலின் வலது பக்கம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. கியூர்பிப் பஸ் நிலையத்தில், தால்பூரி என்கிற பருப்பு ரொட்டி விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜினெத் அகாத் சொன்ன கதை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தால்பூரி. தின்றுகொண்டே சொன்னாள். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தால்பூரிக்காரர் குழம்பு ஊற்ற எடுத்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ரோஸ் ஹில் போக வேண்டிய ஓர் ஆள், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போய்க்கொள்கிறேன் என்று நின்றுவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருகிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கதைக்காக இதுவரை யாரும் பஸ்ஸை விட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். கலை என்றும், இந்த ஊர்த் தொழிலைப் பதிவு செய்வது என்றும் காரணம் சொல்லிக்கொள்ளலாம். அதெல்லாம் சும்மா. வயிற்றெரிச்சல்தான் காரணம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கியூர்பிப்பில் மழை பெய்துகொண்டிருந்தது." [எந்நேரமும் மழை பெய்கிற இந்த ஊரில் மழை பெய்தது என்று எழுதினால், எழுதியவருக்கு வேறு விஷயமே அகப்படவில்லை என்று அர்த்தம். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது முயற்சி: "முன்னொரு காலத்தில் இத்தீவின் கரையைத் தொட்ட பாய்மரக் கப்பல்களை, அவற்றின் அளவும் அமைப்பும் மாறாமல் சிறிய வடிவில்..." [பாடப்புத்தக வாடை. வாக்கியத்தை முடிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.]

மூன்றாவது முயற்சி: "தன் மனைவியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மரப்பட்டையைப் பார்க்கச் செர்ஜ் அகாத்துக்குப் பொறுக்கவில்லை."

இது இருக்கட்டும். இந்த வரி ஜினெத் சொன்னதில் கிடையாது. முழுக்கதையிலும் எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.

3

பொம்மைக் கப்பல் செய்கிற பட்டறை அது. பொம்மை என்று சொன்னால் அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கப்பல் என்றே சொல்ல வேண்டும். ஒரு நீண்ட அடிக்கட்டை. அதன்மேல் மீன் முள் மாதிரி வரிசையாக விலாக்கள். அவற்றின்மேல் பலகையிலிருந்து சீவிய மெல்லிய மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டிக்கொண்டே வந்தால் கப்பலுக்கு உடம்பு வந்துவிடும்.

பட்டையை நீரில் ஊறப்போட்டு, சுடுகுழாயின்மேல் வைத்து அழுத்தி, அந்த வளைவிலேயே கவ்வி போட்டுக் காயவைத்து, அதன்பிறகுதான் ஒட்டுவார்கள். முன்பக்கத்தில், மூக்கு கூர்மையாகத் திரும்பும் இடத்தில்தான் முக்கால்வாசிப் பட்டைகள் உடையும்.

பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு கப்பலுக்கு இரண்டு பேர். ஒருவர் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம். இடதில் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலதில்தான். எதிராளி தன் பட்டையை ஒட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டால் பட்டைகள் எல்லாம் சேர்ந்து அடிக்கட்டையை இழுத்துவிடும். கப்பலின் மூக்கு முந்தியவர் பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கப்பல் நேராகப் போகிற கப்பல் மாதிரியே தெரியாது.

செர்ஜ் இடது. ஜினெத் வலது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

ஜினெத் ஊறிய பட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். பதம் வந்துவிட்டதா என்று அவளுக்குக் கன்னம்தான் சொல்லும். அவள் பட்டை உடையாது. செர்ஜின் பட்டை அடிக்கடி உடையும், அல்லது குழாயில் கருகும். பட்டறை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் கதவைத் தாண்டி உள்ளே வந்ததும், யாரும் சொல்லாமலே, ஜினெத் பக்கமாகப் போய் நிற்பார்கள். செர்ஜ் எடுத்துக்கொடுத்த புகைப்படங்களில்கூட அவள்தான் இருந்தாள்.

4

மதாம் சோலாஞ்ஜ்தான் முதலாளி. ஒரு நாள் வந்து சொன்னார்:

"கிராங் பே ஹோட்டலுக்குப் போற கப்பலுக்கு, செஞ்சவங்க பேரு பித்தளைத் தகட்டுல வேணுமாம். தகடு சின்னது, ஒரு பேருதான் புடிக்கும். கப்பல் உடம்பு முடியட்டும். யாரு பேருன்னு பாத்துச் சொல்றேன்."

அந்தப் பட்டறையில் அதுவரை எந்தக் கப்பலிலும் செய்தவர் பேர் வந்ததில்லை.

"இதுல பாக்க என்ன இருக்கு மதாம்? அகாத்னு போட்டுடுங்க. ரெண்டு பேருக்கும் ஆச்சு," என்றாள் ஜினெத்.

பாய்மரங்களுக்கு நூல் கட்டும் மேசையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "விட்டுக்குடுக்குறாளாம். மகராசி," என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் செர்ஜ் பேச்செடுத்தான்.

"அகாத்ங்கறது எங்க அப்பன் பேரு. நீ கட்டிக்கிட்டு வந்தப்ப கெடச்சது."

"சரி. யாரு இல்லேன்னது?"

"ஆனா இந்த ஊர்ல அகாத் யாருன்னு கேட்டா உன்னத்தான் கை காட்டுவாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? கைய வெட்டவா?"

"யாரு கைய?"

"காட்டுறவங்க கையத்தான்."

செர்ஜுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் கோபம் வந்தது. சண்டையில்கூட நல்ல வரி அவளுக்குத்தான் கிடைக்கிறது.

[இந்த இடத்தை எழுதும்போது எனக்கும் அதே கோபம். உரையாடலில் ஒரு சொல்லைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை. மாற்றிய இடமெல்லாம் உயிர் போய்விட்டது.]

5

செப்டம்பரில் பேர் லாவால் என்ற பாதிரியாரின் கல்லறைக்கு நடந்துபோகும் யாத்திரை. ஜினெத் வருடம் தவறாமல் போவாள்.

"கால் வீங்கிடும். அக்கா வீட்ல தங்கிட்டுத்தான் வருவேன். நீ தனியா ஒட்டிக்கிட்டு இருக்காத," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் செர்ஜ் ஒரு பட்டையை வளைத்தான். அதுவரை எல்லாம் முறைப்படிதான். எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தான். இன்னொரு பட்டையை எடுத்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், அதைத் தன் கன்னத்தில் வைத்தான்.

ஈரம் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனுக்கே புரிந்துவிட்டது. மரம் எப்போது சம்மதிக்கிறது என்று தெரிந்தது. குழாயில் வைத்தான். மூக்கு வளைவில் பட்டை முனகாமல் திரும்பிக்கொண்டது.

அதற்குமேல் அவனால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் எழுத மாட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனுக்குக் கை கூடி வரும்போது, விதியை எடுத்துக் காட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இடது பக்கம் முழுவதையும் முடித்தான். ஒன்றுகூட உடையவில்லை. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் மயிரிழை இடம் இல்லை.

மதாம் சோலாஞ்ஜ் குனிந்து பார்த்தார்.

"செர்ஜ், இது உன் கையா?"

"என் கைதான் மதாம்."

"இல்ல, ஜினெத் முடிச்சு வச்சிட்டுப் போயிட்டாளோன்னு பாத்தேன்."

பாராட்டுத்தான். ஆனால் நேராக நெஞ்சில் குத்தியது.

மறுநாள் காலையில் வந்து, பின்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். கப்பலின் மூக்கு இடது பக்கம் திரும்பியிருந்தது.

6

இங்கே வலது பக்கத்துக்கு ஒரு பட்டை ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். முயன்றேன்.

"கொப்புளம் போட்ட கால்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜினெத்தின் மனத்தில் அப்போது..."

அப்போது என்ன? தெரியவில்லை. பஸ் நிலையத்தில் அவள் தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. செர்ஜின் பொறாமையைத்தான் சொன்னாள். கன்னத்தில் பட்டை வைத்ததைக்கூட நடித்துக் காட்டினாள். [அவன் யாருக்கும் தெரியாமல் செய்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவன் கன்னத்தில் மரச்சாயம் ஒட்டியிருந்ததாம்.] அவள் மனத்தைக் கற்பனை செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை, எனக்குச் செய்ய இஷ்டமில்லை, அவ்வளவுதான். ஐந்து பகுதிகளையும் செர்ஜ் பக்கமே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தக் கதையின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நீங்கள் எப்போதோ கவனித்திருப்பீர்கள்.

7

ஜினெத் பட்டறைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டாள். பின்பக்கமாகப் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"என்ன செர்ஜ், கப்பல் உன்னையே பாத்துக்கிட்டு இருக்கு. எனக்குப் பொறுக்கல."

நூல் மேசையில் சிரிப்பு அடங்க நேரமானது. அவள் மட்டும் சிரிக்காமல் இடது பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். மூக்கு வரை போனதும், "நல்லா வளைச்சிருக்க," என்றாள்.

ஏதாவது திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"என் பக்கத்தப் பிச்சிடு," என்றான்.

"பசை புடிச்சாச்சு. பிச்சா உடைஞ்சிடும்."

"உடையட்டும்."

"இத்தன வருசத்துல இப்பத்தான் உருப்படியா ஒரு பக்கம் செஞ்சிருக்க. அதப் போயி நான் உடைக்கணுமா?"

தன் பட்டைகளைத் தண்ணீரில் போட்டாள். எடுத்தாள். வளைத்தாள். காயவைக்கக் கவ்வியைத் தேடவில்லை. பசையைத்தான் எடுத்தாள். செர்ஜ் பதறிப்போனான். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது பட்டைகள் சுருங்கி இழுக்கும். மூக்கு வலப்பக்கம் வந்து நேராகிவிடும். ஆனால் சுருங்கிய பட்டைகளுக்கு நடுவில் இடைவெளி விழும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாலும் விரலுக்குத் தெரியும்.

"ஈரமாவா ஒட்டப்போற? காஞ்சா சந்து விடும்."

"விடும்."

"உன் பக்கம் பல்லு போன வாய் மாதிரி இருக்கும். மதாம் பாப்பாங்க."

"பாக்கட்டும். உன் பேரப் போடுவாங்க. அதானே உனக்கு வேணும்?"

செர்ஜுக்கு அதுதான் வேண்டும். அன்று காலைவரை அதுதான் வேண்டியிருந்தது. இப்போது அவள் கையிலிருந்து சொட்டுகிற பட்டையைப் பார்த்தபோது, அந்தத் தகட்டைக்கூட அவள்தான் தரப்போகிறாள் என்பது புரிந்தது...

பஸ் நிலையத்தில், கதையின் இந்த இடத்தில் ஜினெத்தின் பஸ் வந்துவிட்டது. "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று எல்லாரும் கத்தினார்கள். படியில் ஏறி, குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள்:

"கப்பல் ஹோட்டல்லதான நிக்குது. போய்ப் பாத்துக்கங்க."

8

எனக்குத் தோன்றிய முடிவுகள்:

அ. அவள் ஒட்டினாள், சந்து விட்டது, தகட்டில் செர்ஜ் பேர் வந்தது. அன்றிலிருந்து அவன் எந்தப் பட்டையையும் கன்னத்தில் வைக்கவில்லை. [அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.]

ஆ. அவள் பட்டையை ஒட்டும் முன் செர்ஜ் உளியை எடுத்துத் தன் பக்கத்தைத் தானே பெயர்த்தான். [எனக்கு இது பிடித்திருந்தது. கண்ணீர்கூட வந்தது. கண்ணீர் வந்ததும் கிழித்துவிட்டேன்.]

இ. ஜினெத்திடமே கேட்பது. [கேட்டால் கதை அவளுடையது என்று ஆகிவிடும்.]

ஆகவே செர்ஜிடம் போனேன். கடைவாசலில் ரொட்டியும் கையுமாக நின்றிருந்தான். கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"அத அவகிட்டயே கேளுங்க டீச்சர். அவ சொன்னாத்தான் நல்லாருக்கும்."

அதன்பிறகு இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஊரிலேயே என்னைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

9

கடைசியில் கிராங் பே போனேன். நல்ல வெயில். ஹோட்டல் கூடத்தில், சுவரை ஒட்டி, கண்ணாடிப் பெட்டிகூட இல்லாமல் நின்றது கப்பல். பின்பக்கம் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். மூக்கு நேராக இருந்தது.

இடது பக்கம் கூடத்தைப் பார்த்திருந்தது. செர்ஜின் பக்கம். பட்டைக்குப் பட்டை மயிரிழை இடம் இல்லை. பெயர்த்த தடமும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் நின்றார்கள். வலது பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. தகட்டில் ஒரே ஒரு சொல்: அகாத்.

வாசற்காவலர் பக்கத்தில் வந்தார். "அழகாருக்கு இல்ல? கியூர்பிப்புல ஒரு பொம்பள செஞ்சது."

"ஒரு பொம்பளையா?"

"அகாத்னு. பேரு கேட்டிருப்பீங்களே."

"எதுக்கு வலது பக்கத்தச் சுவத்துப் பக்கமா வச்சிருக்கீங்க?"

"மூக்கு கடலப் பாத்து இருக்கணும்னு மொதலாளி சொன்னாரு. வேற ஒண்ணுமில்ல."

அவர் போனபிறகு நான் தனியாக நின்றேன். இடது பக்கம் பெயர்க்கப்படவில்லை, மூக்கும் நேராக இருக்கிறது. அப்படியென்றால் ஜினெத் ஈரமாகத்தான் ஒட்டியிருக்கிறாள். ஈரமாக ஒட்டினால் சந்து விட்டாக வேண்டும். செர்ஜ் அப்படித்தான் சொன்னான். பட்டறையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சுவருக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம் இருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் போதும்.

கையை உள்ளே விட்டேன். மரத்தின் குளிர்ச்சி கிட்டத்தில் தெரிந்தது. சந்து இருந்தால் அவள் கணவனுக்காகத் தன் பக்கத்தைக் கெடுத்துக்கொண்டவள். கதை நன்றாக முடியும், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஈரமாக ஒட்டியும் சந்து விழாமல் வழவழவென்று இருந்துவிட்டால்?

தொடாமலே கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கிராங் பே பக்கம் போனால் நீங்கள் பாருங்கள். அந்தக் கூடத்தில் யாரும் தடுப்பதில்லை. வலது பக்கம், மூக்கு திரும்பும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். எப்படி இருந்தாலும் சரி, என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.