எழுபது கிரே

வலை முகமூடியை மாட்டி மேசையோடு தலையை இறுக்குவதற்கு முன்னால், பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளி தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எங்கள் கதிர்வீச்சுப் பிரிவில் அது சட்டம். படுத்திருப்பவன் என்னோடு பள்ளியில் படித்தவனாக இருந்தாலும் கேட்டே தீர வேண்டும்.

"பேரு?"

"அடிப் பாவி லோர்னா, ஆறாம் கிளாஸ்ல என் சாண்ட்விச்ச திருடித் தின்னப்போ பேரு தெரிஞ்சுதுல்ல?"

"சொல்லுடா."

"வெண்டல் கிரே. ஊரும் கிரே. இன்னிக்கு எவ்ளோ குடுக்கப்போற?"

"ரெண்டு கிரே."

கதிரை அளக்கும் அலகுக்கும் அதே பெயர்தான். முப்பத்தைந்து நாளில் எழுபது கிரே. "எங்க வம்சத்துலயே அத்தன பேரு இல்லடி" என்று சிரித்தான்.

குரல்வளையில் புற்று. அவனுக்கோ குரல்தான் பிழைப்பு. இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்களை எங்கள் மெய்ன் மாநிலத்தின் வடகோடிக்குக் கூட்டிப்போவான். ஏரிக்கரையில் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துப் பெண் மூஸ் மானைப் போல நீளமாக முனகுவான். ஆண் மூஸ் காட்டை முறித்துக்கொண்டு வந்து நிற்கும். அந்தக் குரல் திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர், "பார்ப்போம்" என்றதோடு சரி.

மூன்றாம் வாரம் குரல் கம்மியது. ஐந்தாம் வாரம் வெறும் காற்றுதான் வந்தது. பேச முடியாதவர்கள் பெயரை எழுதிக் காட்டலாம். நான் நீட்டிய சீட்டை அவன் தொடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, "கிரே" என்று உதட்டை அசைத்தான். பிடிவாதக்காரன் என்று எரிச்சலாக வந்தது. கட்டுப்பாட்டு அறைக்குப் போய் அழுதேன்.

சிகிச்சை முடிந்து, செப்டம்பர் கடைசியில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். மூன்று மணி நேரம் வடக்கே போனோம். பொழுது சாய்கிற நேரத்தில் ஏரிக்கரையில் நின்று கைகளைக் குவித்தான். முனகல் வரவில்லை. அடித்தொண்டையிலிருந்து கட்டையாக ஓர் உறுமல் வெடித்தது. மறுபடி முயன்றான். அதே உறுமல். கைகளை இறக்கிவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"போலாம்" என்றான், கரகரவென்று.

எதிர்க்கரையில் மரக்கிளை முறிந்தது. கட்டையாக, அதே போல் ஓர் உறுமல்.

வெண்டல் என் மணிக்கட்டைப் பிடித்தான். "இன்னொரு ஆம்பளன்னு நெனச்சுட்டான்டி. யாருடா நீன்னு கேக்குறான்."

"சொல்லுடா" என்றேன்.

அவன் கைகளைக் குவித்தான். எதிர்க்கரைப் புதர் விலகியது. முதலில் கொம்புகள் மட்டும் தெரிந்தன.