இடது பின் ஸ்பீக்கர்

ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் பெட்டிகள், தீவின் தலைநகரை ஒட்டிய நகாசியில் இருந்த வீட்டுக்குக் காலையில் வந்து இறங்கின. அன்று சாயங்காலமே, ராணுவம் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊர்மிளாவுக்குத் தெரிந்து ஆட்சி இப்படிக் கவிழ்வது இது நாலாவது முறை.

அவள் கணவர் ராஜேந்திரா ரேடியோவை அணைத்தார். "அந்தப் பெட்டியப் பிரிக்காதே. கடைக்கே திருப்பி அனுப்பிடலாம்."

"பிரிச்சாச்சு," என்றாள் ஊர்மிளா.

"பிரிஸ்பேனுக்குத் தூக்கிட்டுப் போகப் போறியா?"

"பின் ரூம்ல மாட்டப் போறேன்."

பிரிஸ்பேனில் இருக்கும் ராஜேந்திராவின் தம்பி நரேந்திரா மூன்று வருஷம் அலைந்து இரண்டு பேருக்கும் விசா வாங்கியிருந்தான். ஜூன் மாதத்துக்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும். வீட்டை விற்பதுதான் பாக்கி.

பின் ரூம் ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. இரண்டாயிரமாவது வருஷம், கலகக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மந்திரிகளையும் பிடித்துவைத்திருந்த நாட்களில், ஒரு மத்தியானம் நாலு பேர் அந்த ரூமின் லூவர் ஜன்னலை உடைத்து, கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். டிவி, தையல் மெஷின், கேஸ் அடுப்பு எல்லாம் போயிற்று. ஊர்மிளா கத்தினாள். ஒருவன் கையிலிருந்த கட்டையால் அவள் தலையின் இடது பக்கம் ஒரு போடு போட்டான். வந்தவர்களைப் போலவே தீவின் பூர்வகுடியான பக்கத்து வீட்டு மெரேசெய்னி, கழுவிக்கொண்டிருந்த பானையோடு ஓடி வந்து அவர்களுடைய பாஷையிலேயே ஏசி விரட்டினாள். ஊர்மிளாவின் இடது காது அன்றோடு போனது.

வேலைக்குப் போயிருந்த ராஜேந்திரா வந்து ஜன்னல் மேல் பிளைவுட் அடித்தார். ரூமைப் பூட்டினார்.

ஒரு காது மட்டும் கேட்கிறவர்களுக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. டாக்டர் அதை அப்போதே சொல்லிவிட்டார். வகுப்பில் ஒரு பிள்ளை "மேடம்" என்று கூப்பிட்டால் ஊர்மிளா எல்லா முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் ஏதாவது சடசடத்தால் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் லீவு. புதன்கிழமை அவள் பூட்டைத் திறந்து, பழைய சாமான்களையும் உடைந்த நாற்காலிகளையும் வெளியே இழுத்துப் போட்டு, தரையைக் கழுவிவிட்டாள். முன் ரூமில் இருந்த டிவியை இங்கே கொண்டுவந்து வைத்தாள். சுவரில் பென்சிலால் குறி போட ஒரு நாள் ஆயிற்று. டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, டிவிக்குக் கீழே நடுவில் ஒன்று. பின்னால் இரண்டு: உட்காருகிற இடத்துக்குச் சற்றுப் பின்தள்ளி, காதுக்கு இரண்டடி மேலே. கனமான பேஸ் பெட்டி மூலையில். பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருந்த படத்தின்படி இடது பின் ஸ்பீக்கர் அந்த ஜன்னலை ஒட்டி வர வேண்டும்.

ராஜேந்திரா வாசலில் நின்று பார்த்தார். "ஒரு காது கேக்காத உனக்கு எதுக்கு அஞ்சு ஸ்பீக்கர்?"

"ரூம் எனக்கு வேணும். அதுக்குத்தான்."

"படத்த முன் ரூம்லயே பாக்கலாமே."

"முன் ரூமுக்குள்ள எவனும் உடைச்சிக்கிட்டு வரலியே." அவள் திருப்புளியை எடுத்தாள். "அந்த ஜன்னல் பக்கத்துலருந்து இனிமே சத்தம் வந்தா, அது நான் போட்ட சத்தமா இருக்கணும்."

பிளைவுட்டில் பதினாறு ஸ்குரூ இருந்தது. பாதி துருப்பிடித்திருந்தது. மெரேசெய்னி வந்து பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "போறீங்களா, இருக்கீங்களா?" என்று இந்தியில் கேட்டாள்.

"அவரு போறாரு."

மெரேசெய்னி பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்தாள். பிறகு, "சரி, அந்தக் கீழ் ஸ்குரூவ மொதல்ல எடு," என்றாள்.

பலகை இறங்கியதும் ஆறு வருஷத்து இருட்டு ஒரே நிமிஷத்தில் போயிற்று. தூசியும் செத்த பூச்சிகளும் தரையில் கொட்டின. அன்றே ஊர்மிளா புதுக் கண்ணாடிப் பட்டைகள் வாங்கிவந்து போட்டாள். வெளியே கம்பி வைக்கலாம் என்றார் ராஜேந்திரா. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை அவள் மேஜை மேல் ஏறி கான்கிரீட் சுவரில் டிரில் போட்டுக்கொண்டிருந்தாள். முன் கதவு தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. டிரில்லை நிறுத்தித் திரும்பினால் ரூமுக்குள் நாலு பேர். ராஜேந்திரா, வீடு விற்றுத் தரும் புரோக்கர் ரவீந்திரா, வீடு பார்க்க வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. ராஜேந்திரா அவளிடம் சொல்லாமலே வரச்சொல்லியிருந்தார்.

ரவீந்திரா சுவரைப் பார்த்து முகம் சுளித்தான். "இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு அக்கா? பார்ட்டிக்கு வீடு சுத்தமா காட்டணுமில்ல."

"இதுல ஸ்பீக்கர் நிக்கணும்."

"போறப்ப கழட்டிருவீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஊர்மிளா மேஜையிலிருந்து இறங்கவில்லை. தலைமுடியெல்லாம் சிமெண்ட் பொடி. "நான் போகலம்மா. வீட்டுப் பத்திரத்துல என் பேரும் இருக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன். உங்கள வீணா அலைய விட்டாங்க, மனசுல வச்சுக்காதீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

யாரும் டீ குடிக்கவில்லை. கார் கிளம்பிப் போன பிறகு ராஜேந்திரா திரும்பி வந்து கத்தினார். "இன்னொரு தடவ அடி வாங்கணுமா உனக்கு? இந்த லைன்ல எத்தன வீடு காலி, எண்ணிப் பாத்தியா?"

"எண்ணினேன். ஒம்போது."

"அப்புறம் என்ன தைரியம்?"

"தைரியம் இல்லீங்க. பயந்துக்கிட்டேதான் இருக்கேன். ஆறு வருஷமா பயந்து ஒரு ரூமப் பூட்டி வச்சோம். இப்ப வீட்டையே விட்டுட்டுப் போகச் சொல்றீங்க. அங்க போயும் நான் எந்த ரூமப் பூட்டுறது?"

அவர் வெளியே போய்விட்டார். அவள் டிரில்லை மறுபடி எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் வயர் எல்லாம் இழுத்தாயிற்று. சோதனைச் சத்தம் போட ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் மழை இரைகிற மாதிரி ஒரு 'ஷ்ஷ்', ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். அது எதிலிருந்து வருகிறது என்று ஊர்மிளாவுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போய் உள்ளங்கையை அதன் முகத்தில் வைத்துப் பார்த்தாள். அதிர்ந்தால் சரி. அவள் ஜன்னல் ஸ்பீக்கரிடம் போய்ச் சேர்வதற்குள் சத்தம் வேறொன்றுக்குத் தாவிவிடும். மூன்று சுற்று ஓடினாள். வேர்த்துக் கொட்டியது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"ஓடாதே," என்றது ராஜேந்திராவின் குரல். எங்கிருந்து என்று தேடினாள். வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ போய் ஜன்னல்கிட்ட நில்லு. நான் சொல்றேன்."

அவள் நின்றாள்.

"முன்னால... நடுவுல... வலது... வலது பின்னால. இப்ப உன்கிட்ட."

அவள் கையை வைத்தாள். அதிர்ந்தது.

"சத்தம் கம்மியா இருக்கு," என்றார். "ரெண்டு பாயிண்ட் ஏத்து."

அதனால் அவர் மனம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. மார்ச்சில் அவர் ஏர்போர்ட் இருக்கும் நாடி ஊருக்கு பஸ் ஏறி, பிரிஸ்பேன் போனார். போகுமுன் எல்லா வயரையும் சுவரோரமாக ஆணி அடித்துச் சீராக்கிவிட்டுப் போனார். முன் கதவுக்கு இன்னொரு பூட்டும் வாங்கி வைத்தார்.

ஊர்மிளா மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். சனிக்கிழமை மத்தியானங்களில் மெரேசெய்னியும் லைனில் மிச்சமிருந்த பெண்களும் வந்து படம் பார்த்தார்கள். தெருவுக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைத்தாள். மெயின் ரோட்டில் ஆர்மி லாரி போகிற நாளில் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். ஜூன் வந்தது, அவள் விசாவின் கெடு முடிந்தது. நரேந்திரா போனில் திட்டினான். அவள் போனை வலது காதில் வைத்து முழுவதையும் கேட்டாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "உங்க அண்ணன் நல்லா சாப்பிடுறாரா?"

செப்டம்பரில் ராஜேந்திரா இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி வந்தார். திரும்பிப் போகும் டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. அக்டோபரில் சிட்டிக்குப் போய் அதன் தேதியை மாற்றிக்கொண்டு வந்தார். டிசம்பரில் இன்னொரு முறை மாற்றினார்.